மாடிப்படிக்குக் கீழே தமிழ்

லிங்கசாமி எதையும் முதல் பார்வையில் நம்புகிறவர் இல்லை. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருஷமாகத் துணி செக்கிங் பார்க்கிறார். கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேஜைமேல் துணியை ஓடவிட்டு, ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு என்று தேடிக்கொண்டே இருக்கிற வேலை. முதல் தரம் என்று சீட்டு ஒட்டி வருகிற ரோலைத்தான் அவர் இரண்டு முறை பார்ப்பார். வெளியிலும் அதே குணம்தான். கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியையும் கிழமையையும் காலண்டரில் ஒத்துப் பார்த்த பிறகே வாழ்த்துவார்.

அப்பேர்ப்பட்டவர், ஒரே மகள் நித்யஸ்ரீயைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று பதினெட்டுப் பக்கப் படிவத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அது முழுக்க இங்கிலீஷில் இருந்தது. படிக்க வரவில்லை என்று அந்த ஏசி அறையில் சொல்ல வெட்கமாக இருந்தது.

பள்ளியின் பெயர் ட்வின் டங் இன்டர்நேஷனல் ஸ்கூல். பல்லடம் சாலையை விட்டு உள்ளே தள்ளி, முன்பு நூல் குடோனாக இருந்த கட்டடத்துக்குக் கண்ணாடி மாட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். பெயருக்கு என்ன அர்த்தம் என்று லிங்கசாமி கேட்டதற்கு, எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் அவர் மனைவி சித்ரகலா, இரட்டை நாக்கு என்று சொன்னாள். அவருக்கு அங்கேயே லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனால் ஆபீஸில் அவளுடைய மேனேஜர் வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள் என்றாள். இரண்டு மொழியிலும் பிள்ளை தேறிவிடும் என்றாள். அவர் ஒத்துக்கொண்டார்.

சேர்க்கை அறையில் தமிழ் தாராளமாகப் புழங்கியது. நிறுவனர் சிவபிரகாஷ் அவரே வந்து எதிரில் உட்கார்ந்து, இருமொழிக் கல்வி என்றால் என்னவென்று விளக்கினார். அவர் பத்து வருஷம் பனியன் எக்ஸ்போர்ட் செய்தவர்.

"வெள்ளைத் துணியையும் சாயத் துணியையும் ஒண்ணாப் போட்டுத் துவைச்சா என்னாகும்ங்க? சாயம் ஏறிக்கும். மொழியும் அப்படித்தானுங்க. நாங்க ரெண்டையும் தனித்தனியாத் துவைப்போம். இங்கிலீஷ் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம். ஒண்ணுமேல ஒண்ணு படாது. அதுக்குப் பேருதானுங்க பைலிங்குவல்."

துணி உதாரணம் என்பதால் லிங்கசாமிக்குப் புரிந்துவிட்டது போல இருந்தது.

சேர்ந்த பிறகுதான் ஏற்பாடு முழுவதும் தெரிந்தது. பள்ளிக்கூடத்தின் தரை எல்லாம் பச்சை. பச்சைத் தரையில் நின்றால் இங்கிலீஷ். வகுப்பறை, நடை, சாப்பாட்டுக் கூடம், விளையாட்டுத் திடல், கக்கூஸ் எல்லாம் பச்சை. தமிழுக்கென்று மாடிப்படிக்குக் கீழே நாலடிக்கு நாலடியில் ஒரு சிவப்புப் பாய் விரித்திருந்தார்கள். அதற்கு 'பாரம்பரிய மொழி மண்டலம்' என்று பெயர்ப்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் பன்னிரண்டு நிமிடம் அந்தப் பாயில் இடம் உண்டு. நித்யஸ்ரீயின் முறை வியாழக்கிழமை இரண்டே முக்கால் மணி.

தமிழ் எழுத்து நான்காம் வகுப்பில்தான் தொடங்கும். அதுவரை தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார்கள். ஒருநாள் லிங்கசாமி மகளுடைய நோட்டைப் புரட்டினார். 'புலி காட்டில் வாழும்' என்ற வாக்கியத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, கீழே படம் வரைந்திருந்தாள். நாலு கால் முளைத்த ஒரு புளியங்காய் மரங்களுக்கு நடுவே நடந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தார்.

இதுபோக, பெற்றோருக்கு ஒரு உறுதிமொழி இருந்தது. பதினெட்டுப் பக்கத்தில் பதினான்காம் பக்கம். பள்ளி நாட்களில் மாலை ஏழு மணி வரை வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேச வேண்டும். ஏழுக்கு மேல் தமிழ். சித்ரகலா ஆபீஸ் முடிந்து வர ஏழரை ஆகும். ஆகவே நாலரையிலிருந்து ஏழு வரை மகளிடம் இங்கிலீஷ் பேசும் பொறுப்பு லிங்கசாமிக்கு வந்தது. மகளுக்காகவே அவர் காலை ஷிப்ட் வாங்கியிருந்தார். அவரிடம் இருந்த இங்கிலீஷ் கம்பெனி இங்கிலீஷ். ஹோல், ஸ்டெயின், ரிஜெக்ட், ஷார்ட்டேஜ், ஓகே. இதை வைத்து ஏழு வயதுப் பிள்ளையோடு இரண்டரை மணி நேரம் ஓட்டுவது எளிதல்ல. ராயபுரத்து வீட்டில் அந்த நேரத்தில் பெரும்பாலும் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது ஐம்பத்தைந்துக்கு லிங்கசாமியின் போனில் பள்ளியின் செய்தி வந்தது, பெற்றோருக்கு என்பதால் தமிழில். உங்கள் குழந்தை மொழி மீறல் செய்துள்ளது, நிலை இரண்டு, இல்லத்தில் உறுதிமொழி முறையாகப் பின்பற்றப்படுகிறதா என்று சுயபரிசோதனை செய்யவும் என்று இருந்தது. பக்கத்து மேஜை சூப்பர்வைசர் எட்டிப் பார்க்காதபடி போனைக் கவிழ்த்து வைத்தார். அவமானமாக இருந்தது. இத்தனை நாளும் நடுநடுவே 'சோறு உங்கறயா கண்ணு' என்று தமிழில் கேட்டுவிட்டதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார். இன்றைக்கு ஒரு வார்த்தைகூட விடக்கூடாது என்று முடிவெடுத்தார்.

சாயங்காலம் பள்ளி வேன் இறக்கிவிட்டபோது நித்யஸ்ரீ வலதுகையை இடதுகையால் தாங்கிப் பிடித்தபடி வந்தாள். படியேறியதுமே, "அப்பா, கை..." என்று ஆரம்பித்தாள். லிங்கசாமி விரலை உயர்த்தி, "இங்கிலீஷ், கண்ணு" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஹேண்ட்" என்றாள். அவர், "ஓகே, ஹேண்ட், குட்" என்றார்.

அதன்பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிஸ்கட்டை இடதுகையால் தின்றாள். நாற்காலியைச் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மணி பார்க்கப் பழகுகிறாள் என்று லிங்கசாமி சந்தோஷப்பட்டார்.

பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் அவள் கேட்டாள்: "ஏழு ஆயிருச்சுங்களாப்பா?"

அவர் ஆமாம் என்றார்.

"கை கடுக்குதுங்கப்பா. காத்தாலிருந்து கடுக்குது."

சட்டைக் கையை ஒதுக்கிப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே புசுபுசுவென்று வீங்கி, நீலம் பாரித்திருந்தது. அவர் பதினாறு வருஷமாகக் கறை தேடுகிறவர். இரண்டரை மணி நேரமாக எதிரிலேயே இருந்ததை அவர் பார்க்கவில்லை.

எலும்பு டாக்டர் படம் எடுத்து, கீறல் விழுந்திருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டார். காலையில் விழுந்த பிள்ளையை ஏன் இவ்வளவு நேரம் கழித்துக் கூட்டிவருகிறீர்கள் என்று கேட்டார். சித்ரகலா கணவன் முகத்தைப் பார்த்தாள். லிங்கசாமி சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார். வரவேற்பில் இருந்த பெண் அவர் சொல்வதைக் காதில் வாங்காமல், தரையைச் சுட்டிக்காட்டினாள். பச்சை. இங்கிலீஷில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எழுதித் தர வேண்டும். லிங்கசாமி நின்றபடி யோசித்தார். "ஹேண்ட் டேமேஜ்" என்றார். அவள் அதைக் கணினியில் ஏற்றிவிட்டு, பொருள் சேதம் என்றால் ஸ்டோருக்குப் போகும்படி வழி காட்டினாள். ஸ்டோரில் இருந்தவர் எந்தப் பொருள் என்று கேட்டார். மகள் என்றார் லிங்கசாமி. அவர் மீண்டும் வரவேற்புக்கே அனுப்பினார். கடைசியில் தமிழில் புகார் சொல்லியே ஆக வேண்டுமென்றால் அதற்கும் ஓர் இடம் உண்டு என்று அழைத்துப் போய், மாடிப்படிக்குக் கீழே சிவப்புப் பாயில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் உயரத்துக்கு அமைத்த இடம். தலை படியில் இடித்தது.

அங்கே தமிழ் ஆசிரியர் செல்வக்குமார் வந்தார். திருநெல்வேலிக்காரர், எம்.ஏ. தமிழ். பதவியின் பெயர் பாரம்பரிய மொழி ஒருங்கிணைப்பாளர். ஒரு கால் பாயில், ஒரு கால் பச்சையில் வைத்து நின்று, எந்தக் காலில் பாரத்தைப் போடுகிறாரோ அந்த மொழியில் பேசினார். பச்சைக் காலில் நின்றபோது, வெல்கம் சார் என்று திணறினார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இரண்டு காலையும் பாயில் வைத்துக் குனிந்தார்.

"அண்ணாச்சி, பிள்ள காலைல சறுக்குல இருந்து விழுந்துட்டு. மிஸ்ஸுகிட்டப் போயி கை கடுக்குதுன்னு மூணு வாட்டி சொல்லியிருக்கா. அந்த மிஸ்ஸு உடுமலைக்காரிதான், நல்லாப் புரியும். ஆனா பச்சைத் தரையில புரியக்கூடாதுல்லா. புரிஞ்சா அவ சம்பளத்துல கை வச்சிருவாங்க."

பிறகு யாரோ வருகிற சத்தம் கேட்டு, ஒரு காலை எடுத்துப் பச்சையில் வைத்துக்கொண்டார்.

வந்தது முதல்வர் சத்யப்பிரியா. பட்டுச் சேலை மடிப்புக் கலையாமல் மெல்லக் குனிந்து பாயில் உட்கார்ந்தார். பாயில் உட்கார்ந்த அந்தக் கணத்தில், "ஏனுங்க, பாப்பாவுக்குக் கை இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று ஊர்ப் பேச்சில் கேட்டார். லிங்கசாமி பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முதல்வர் மடியில் இருந்த பதிவேட்டைத் திறந்துவிட்டார். அதில் இருந்ததைத் தமிழாக்கிப் படித்தார். "மாணவி ஒன்பது ஐம்பதுக்கு அனுமதிக்கப்படாத மொழியில் அசௌகரியத்தைத் தெரிவித்தார். சரியான மொழியில் தெரிவிக்க மூன்று வாய்ப்புகள் வழங்கப்பட்டன. அதன்பின் மாணவி அமைதியானார். கற்றல் இலக்கு எட்டப்பட்டது."

எந்த இலக்கு என்று லிங்கசாமி கேட்டார்.

"பாருங்க, ஜூன்ல வந்தப்ப உங்க பாப்பா ஒரு நாளைக்கு நாப்பது தடவை தமிழ்ல பேசுச்சு. இப்ப மூணே தடவை. அதுவும் எலும்பு முறிஞ்சப்ப. மத்த ஸ்கூல்ல இந்த முன்னேற்றம் வருமுங்களா? நேத்து அவ அழவே இல்லீங்க. அழுகைக்கு மொழி கிடையாது, அழுதிருந்தா நாங்களே கவனிச்சிருப்போம். பாப்பா அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கல."

லிங்கசாமி அதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே பிசகு என்று உடனே விரல் வைக்க முடியவில்லை. ஓட்டையே துணியாக நெய்து வந்தது போலிருந்தது. வியாழக்கிழமை பாப்பாவின் முறை வரும்போது இதைப் பற்றித் தமிழில் விரிவாகப் பேச வாய்ப்பளிப்போம் என்று சொல்லி முதல்வர் எழுந்தார். எழும்போது அவர் தலையும் படியில் இடித்தது. பச்சையில் கால் வைத்துவிட்டதால் 'அம்மா' என்று சொல்லாமல் அடக்கிக்கொண்டு போனார்.

அன்று மாலையே நிறுவனர் சிவபிரகாஷ் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. வெள்ளிக்கிழமை உலக இருமொழிக் கவுன்சிலில் இருந்து தர ஆய்வாளர் வருகிறார், 'இல்லத்தின் குரல்' என்ற நிகழ்ச்சியில் ஒரு பெற்றோர் சொந்த மொழியில் பேச வேண்டும், அறுநூறு பெற்றோரில் உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு நித்யஸ்ரீ முழுக்கைக் கம்பளிச் சட்டை போட்டு வரவேண்டும். ஆய்வாளருக்கு அழகாக இருக்கும்.

திருப்பூரில் ஏப்ரல் மாதத்தில் எதற்குக் கம்பளி என்று லிங்கசாமி கேட்டார்.

"பையர் சரக்குப் பாக்க வர்றப்ப நாம டேமேஜ் பீஸை மேல வைப்போமுங்களா? நீங்க தொழில் தெரிஞ்சவரு."

லிங்கசாமிக்கு அதுவரை சந்தேகமாக இருந்தது அந்த இடத்தில் தீர்ந்தது. வருகிறேன் என்று மட்டும் சொன்னார். பிள்ளையை அன்றைக்கே நிறுத்திவிடலாம் என்று சித்ரகலா சொன்னாள். அந்தப் பள்ளிக்கூடத்தைக் கொண்டு வந்தவளே அவள்தான் என்று அவர் சொல்லிக்காட்டவில்லை. கடிகாரத்துக்கு எதிரே கிடந்த நாற்காலி இன்னும் அங்கேயே கிடந்தது. ஆய்வாளர் என்றால் பழுது கண்டுபிடிக்க வருகிறவர்தானே, அவரிடமாவது சொல்லிப் பார்ப்போம் என்றார்.

அவர் பேச வேண்டிய தமிழ் வியாழக்கிழமையே வந்துவிட்டது, இங்கிலீஷ் எழுத்தில். எழுத்துக் கூட்டிப் படித்தார். 'நான் ஒரு எளிய நெசவாலி. என் மகள் இரு மொலிகளிலும் மலர்கிறால்.' தான் நெசவாளி இல்லையே, செக்கிங் ஆச்சே என்று அவர் விசாரித்தபோது, ஆய்வாளருக்கு நெசவாளி என்றால் புரியும் என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி முகப்பில் கோலம் போட்டிருந்தார்கள். ஸ்டிக்கர் கோலம். ஆய்வாளர் அம்மையார் சுவிட்சர்லாந்து என்று சொல்லியிருந்தார்கள், புனேயிலிருந்து வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. பள்ளி முழுவதும் சுற்றிக் காட்டிய பிறகு, சிவப்புப் பாயை மாடிப்படிக்குக் கீழிருந்து எடுத்துவந்து மேடையில் விரித்தார்கள். அதன்மேல் லிங்கசாமியும் நித்யஸ்ரீயும். கம்பளிச் சட்டைக்குள் மாவுக்கட்டு நுழையாததால், சட்டையின் வலதுகையை மட்டும் காலியாக விட்டுப் பொத்தான் போட்டிருந்தார்கள். பிள்ளையின் நெற்றியில் வேர்வை வழிந்தது. முதல்வர் மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. செல்வக்குமார் மைக் பிடிக்க நிறுத்தப்பட்டிருந்தார்.

லிங்கசாமி காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். மகளுடைய பொத்தான்களைக் கழற்றினார். கட்டுப் போட்ட கை வெளியே வந்தது.

"அம்மா, எம் புள்ள காத்தால பத்து மணிக்குக் கீழ உழுந்துச்சுங்க. கை கடுக்குதுன்னு சொல்லுச்சு. தமிழ்ல சொன்னதால ஒருத்தரும் கேக்கலீங்க. சாயங்காலம் ஊட்டுக்கு வந்து எங்கிட்டச் சொல்லுச்சு. நானும் கேக்கலீங்க. ஒம்பது மணி நேரம் முறிஞ்ச கையோட கடியாரத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்துச்சு. இதை நீங்க எழுதிக்கோணும்."

முதல்வர் சிரித்த முகம் மாறாமல் ஆய்வாளரிடம் இங்கிலீஷில் சொன்னார்: தன் மகள் பொறுமையைக் கற்றுக்கொண்டிருப்பதாகவும், நேரத்தை மதிக்கப் பழகியிருப்பதாகவும் இந்த எளிய நெசவாளி நெகிழ்ந்து கூறுகிறார். ஆய்வாளர் நெஞ்சைத் தொட்டுவிட்டுக் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

லிங்கசாமிக்கு அந்த இங்கிலீஷ் முழுவதும் புரியவில்லை. கைதட்டல் புரிந்தது. தான் சொன்னதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள் என்று தெரியும். செல்வக்குமாரைப் பார்த்தார். செல்வக்குமாருடைய இரண்டு கால்களும் பச்சைத் தரையில் இருந்தன. அவர் மைக்கைத் தன் வாய்க்குக் கொண்டுபோய், உடைந்த இங்கிலீஷில் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து, முழுவதையும் சொன்னார். ஹேண்ட் புரோக்கன், டீச்சர் நாட் ஹியர், ஃபாதர் ஆல்ஸோ நாட் ஹியர், நைன் ஹவர்ஸ்.

ஆய்வாளரின் பேனா நின்றது. அவர் பிள்ளையின் கையைப் பார்த்தார். முதல்வரைப் பார்த்தார். நிறுவனரைப் பார்த்தார். பிறகு நீளமாக எழுதினார். லிங்கசாமிக்கு நிம்மதியாக இருந்தது. எழுதிக்கொள்கிற ஆள் ஒருவராவது கிடைத்தாரே என்று நினைத்தார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. தங்கத் தரம். அறிக்கையில் ஒரு பத்தியைப் பெரிதாக்கி முகப்பில் மாட்டினார்கள். பெற்றோர் அச்சமின்றித் தாய்மொழியில் குறை சொல்லவும், ஆசிரியர் அதை அச்சமின்றி மொழிபெயர்க்கவும் இடமளிக்கும் முதிர்ந்த இருமொழிப் பண்பாட்டை இப்பள்ளியில் கண்டு வியந்ததாக ஆய்வாளர் எழுதியிருந்தார். அந்தப் பலகை மாட்டிய அன்றே செல்வக்குமாரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவருக்குப் பதிலாகப் பாயில் ஒரு டேப்லெட் வைக்கப்பட்டது.

மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனபோது நிறுவனரே வெளியே வந்து லிங்கசாமியின் கையைக் குலுக்கினார். உங்களால்தான் தங்கம் கிடைத்தது, இப்போது போய்ப் பிள்ளையை எடுக்கிறீர்களே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். மாவுக்கட்டோடு பாப்பாவைப் படம் எடுத்து அடுத்த வருஷ விளம்பரத்தில் போட்டுக்கொள்ளச் சம்மதக் கையெழுத்துக் கேட்டார். லிங்கசாமி அந்தத் தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். படிக்க வரவில்லை. "எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுங்க" என்று சத்தமாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சொன்னபோது வெட்கமாக இல்லை.

நித்யஸ்ரீயை வண்டியில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். அருள்புரம் தாண்டும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. பிறகு, மதியச் சோற்றில் ஒருநாள் எறும்பு கிடந்ததைச் சொன்னாள். அதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல் எறும்போடு தின்றுவிட்டதைச் சொன்னாள். பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் பெயர் ஒரு வருஷமாகத் தெரியாது, பாயில் வைத்துத்தான் தெரிந்தது என்றாள். வீரபாண்டிப் பிரிவு வரைக்கும் மூச்சு விடாமல் பேசினாள். சிக்னலில் வண்டி நின்றபோது அவளும் நிறுத்தினாள். கழுத்தைத் திருப்பாமலே கேட்டாள்:

"அப்பா, அன்னிக்கு நீங்களும் இங்கிலீஷ்ல சொல்லுன்னுதானுங்க சொன்னீங்க?"

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். லிங்கசாமி வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு இளநீர்க் கடை நிழலில் நிறுத்தினார். இறங்கி அவள் முன்னால் வந்து நின்றார். இத்தனை நாளில் இந்த விஷயத்தில் எத்தனையோ பேர் எவ்வளவோ பேசியிருந்தார்கள். யாரும் சொல்லாத ஒன்று பாக்கி இருந்தது.

"ஆமா சாமி. சொன்னேன். தப்புப் பண்ணிட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, எலும்பு முறிந்த அன்றிலிருந்து அழாத பிள்ளை, அந்த ரோட்டோரத்தில், லாரிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.